மணியடிக்கும் கை

அமெரிக்கச் சிற்றூர்களின் ரோட்டரி சங்க வாரக் கூட்டத்தில் என்னை ஈர்ப்பது மேடைப் பேச்சல்ல. தலைவர் சிறு சுத்தியலால் தட்டும் மேசைமணிதான். ‘ணங்’கென்று எழுந்து, கரண்டிச் சத்தத்தையும் அரட்டையையும் மெல்ல அடக்கிவிடும் நாதம். பல சங்கங்களில் அப்புறம் ஒருவர் எழுந்து, ஒரு டாலரை நன்கொடையாகப் போட்டுவிட்டு, பேத்தி நடக்கத் தொடங்கிய சேதியைச் சொல்வார். கேட்கவே சுகம்.

டிசம்பரில் இந்தச் சங்க உறுப்பினர்களில் பலர் கடைவாசலில், தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மியின் சிவப்பு உண்டியலருகே நின்று கைமணி ஆட்டுகிறார்கள். பார்க்கத்தான் எளிது. மணிக்கட்டைத் தளர்த்தி, ஓசை காதைக் குத்தாமல், உறையும் காற்றில் தாளம் தவறாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில்லறை போடாமல் போகிறவருக்கும் அதே புன்னகை (அதுதான் கடினம்). அந்த மணி காதில் விழுந்தால் ஒரு நாணயமாவது போட்டுவிட்டுப் போங்கள்.