எது முந்தியது, எவ்வளவு முந்தியது?

1982இல் வெளிவந்த கமடோர் 64 கணினி இயங்காமல் கறுப்புத் திரையோடு நின்றால், பழுது பார்ப்பவர்களில் பலர் இன்று சிக்னல்களைப் பூஜ்யம், ஒன்று என்று பதிவு செய்யும் தீப்பெட்டி அளவு லாஜிக் அனலைசரைத்தான் தேடுகிறார்கள். எட்டு ஒயர்கள், ஒரு யுஎஸ்பி கேபிள், பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருள். பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்த வசதி வீட்டு மேசைக்கு வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால், அந்தப் பெட்டி சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பலம். எளிய பெட்டி வினாடிக்கு 2.4 கோடி முறை, அதாவது 41.67 நானோவினாடிக்கு ஒருமுறை, சிக்னலைப் பார்க்கிறது. கமடோரின் கடிகாரம் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மாதிரிகள் கிடைக்கும். ரீசெட் விடுபட்டதா, கடிகாரம் ஓடுகிறதா, நினைவகத்துக்கு அழைப்பு போகிறதா, எதன் பின் எது வந்தது? இவற்றுக்கெல்லாம் தெளிவான விடை கிடைக்கிறது. மாதிரிகள் நேரே கணினிக்குப் போவதால் பல வினாடிகள் பதிவு செய்து, எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பழுதையும் நிதானமாகத் தேடலாம்.

வரிசையைச் சொல்வதில் இவ்வளவு தேர்ந்த கருவி, அளவைச் சொல்லும்போது தடுமாறுகிறது. கமடோரில் இருப்பது போன்ற 1 மெகாஹெர்ட்ஸ் 6502 வகைச் செயலி படிக்கும் தரவு, கடிகாரம் இறங்குவதற்கு 100 நானோவினாடி முன்பே நிலைபெற்றிருக்க வேண்டும். இறங்கிய பின்னும் 10 நானோவினாடி நீடிக்க வேண்டும். முதலாவதில் இரண்டோ மூன்றோ மாதிரிகள்தான் விழுகின்றன. இரண்டாவது இரு மாதிரிகளுக்கு நடுவே மறைந்துவிடுகிறது. திரையில் 83 நானோவினாடி என்று காட்டும் இடைவெளி உண்மையில் 42 முதல் 125 வரை எதுவாகவும் இருக்கலாம். மென்பொருளோ அதைத் தசமப் புள்ளியோடு எழுதிக் காட்டுகிறது. அந்தப் புள்ளிதான் பலரை ஏமாற்றுகிறது. கமடோரில் எந்தச் சில்லு எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சில்லுக்கு மாற்றாக அதைவிட வேகமான சில்லைப் பொருத்தினால் எழக்கூடிய மிகக் குறுகிய போலித் துடிப்புகளும் இப்படியே கண்ணில் படாமல் போகலாம்.

மின்னழுத்தத்திலும் இதே குறை உண்டு. டிடிஎல் சில்லுகளுக்கு 0.8 வோல்ட்டுக்குக் கீழே பூஜ்யம், 2 வோல்ட்டுக்கு மேலே ஒன்று. நலிந்த சில்லு 1.4 வோல்ட்டில் தள்ளாடினாலும் பெட்டி அதைச் சுத்தமான பூஜ்யமாகவோ ஒன்றாகவோதான் வரையும். நோயின் அடையாளமே அங்கே அழிந்துபோகிறது. அதைக் காட்ட ஆசிலாஸ்கோப் வேண்டும்.

இன்னொரு குறை, ஒயர்களின் எண்ணிக்கை. எட்டு ஒயர்களையும் தரவு பஸ்ஸில் மாட்டினால் கடிகாரத்துக்கு ஒயர் மிஞ்சாது. கமடோரில் செயலியும் விக்-2 வீடியோ சில்லும் ஒரே சுற்றின் இரு பாதிகளில் பஸ்ஸைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடிகாரம் தெரியாமல் எந்த பைட் யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

ஆகவே வரிசையை அறிய இந்தப் பெட்டியைத் தயங்காமல் நம்பலாம். முடிவு ஓரிரு மாதிரி இடைவெளியைப் பொறுத்ததாக இருந்தால் ஆசிலாஸ்கோப்பிடம் கேட்க வேண்டும். பிறருக்குக் காட்டும் ஒவ்வொரு அளவோடும் மாதிரி வேகத்தை எழுதிவைக்க வேண்டும். விக்-2 போன்ற சில்லுகளை இன்று யாரும் தயாரிப்பதில்லை. பொய்யான ஒரு தசமப் புள்ளியை நம்பி நல்ல சில்லைச் சால்டர் உருக்கிக் கழற்றும்போது அது சேதமானால், அந்த இழப்பு திரும்பாது.