குயில் பாட்டும் செவித்திறன் குறையுடைய மாணவரும்

புதுச்சேரிக் கருவடிக்குப்பத்து மாந்தோப்போடு இணைத்துப் பேசப்பெறும் பாரதியாரின் குயில் பாட்டு, இசையின்பத்தை முன்வைத்தே விளக்கப்பெறுவது இயல்பு. செவித்திறன் குறையுடைய மாணவர் அவ்வகுப்பில் இருப்பின் அவர் எதனைக் கற்பார் என்பது சிறப்புக் கல்வியின் அடிப்படை வினாவாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்வையற்றோர்க்கும் காதுகேளாதோர்க்கும் மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்புமுறையிலும் கல்வி அளிக்கப்பெற வேண்டும் என்கிறது (பிரிவு 16). ஆகவே கற்பிக்கும் முறையை மாற்றியமைப்பது கல்வி நிறுவனத்தின் கடமை. இப்பாடத்திலிருந்து அம்மாணவருக்கு விலக்களிப்பது சலுகைபோல் தோன்றினும், ஓர் இலக்கியத்தை மறுப்பதே ஆகும்.

இந்நூலை அவருக்குக் கற்பிக்க இயலாது எனக் கருதுவது நூலியல்பை அறியாமையாம். அச்சேறிய பக்கத்தில் எவருக்கும் குயிலோசை கேட்பதில்லை. கேட்டவன் கொள்ளும் மயக்கமே அங்குச் சொல்லாக நிற்கிறது. மேலும், காலைக் கடல், சோலை, குரங்கின் தாவல், மாட்டின் தோற்றம், வாள்வீச்சு எனக் கதை காட்சிகளாலேயே நகர்கிறது. கனவு கலைந்தவன் தன்னைச் சூழ்ந்த சுவடியையும் எழுதுகோலையும் காண்கிறான். இவற்றை இந்தியச் சைகை மொழி, படவரிசை, நடிப்பு ஆகியவற்றால் கற்பிக்கலாம். கலிவெண்பாவின் சீர்நடையை மேசையில் தட்டி அதிர்வாக உணர்த்தலாம்.

தேர்வும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். ஓசைநயம் பற்றிய வினாவுக்கு இணையாகக் காட்சிநயம் பற்றிய வினா இடம்பெறின், அது செவிப்புலனுடைய மாணவரும் கவனிக்கத் தவறும் ஒரு கூற்றை வெளிக்கொணரும். சிறப்புக் கல்வி இலக்கியத் திறனாய்வுக்குத் தரத்தக்க பயன் இதுவாகும்.