காத்திருந்த உடல்: மார்க் ஹென்றியின் வில்லன் பருவம்

ரெஸ்லிங்கைப் பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அதெல்லாம் பொய்தானே?" என்பதுதான். ஆமாம், பொய்தான். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. துரியோதனன் சாகப்போவதும் முன்கூட்டியே முடிவானதுதான். அதற்காகக் கூத்து பார்க்க உட்கார்ந்தவர்கள் யாரும் நடுராத்திரியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதில்லை. முடிவு தெரிந்த ஆட்டத்தில் ஒரு மனிதர் எப்படித் திடீரென்று நம்பத்தகுந்தவராக ஆகிறார் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அதுவும் பதினைந்து வருடங்களாக யாரும் நம்பாத ஒருவர்.

மார்க் ஹென்றியைச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டில் டபிள்யூடபிள்யூஇ மேடையில் அவர் ஆடிய வில்லன் பாத்திரத்தை, நான் பார்த்த அளவில், இந்த நூற்றாண்டு ரெஸ்லிங்கின் மிகச் சிறந்த கதாபாத்திரங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். அப்போது அவருக்கு வயது 40. அந்தத் தொழிலில் அது கடையைக் கட்டும் வயது.

ஹென்றி 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் சில்ஸ்பி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1992 பார்சலோனா, 1996 அட்லாண்டா என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கினார். பவர்லிஃப்டிங்கிலும் அவர் சாம்பியன். இப்படிப்பட்ட ஒருவரை ரெஸ்லிங் நிறுவனம் 1996இல் பத்து வருட ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்தது. 'உலகின் மிகப் பலசாலி மனிதர்' என்று பட்டமும் சூட்டியது. சிக்கல் என்னவென்றால், அவருக்கு ரெஸ்லிங் தெரியாது. தூக்குவது வேறு, தூக்குவதைக் கதையாக்குவது வேறு. எதிராளி விழுவதற்கு எப்போது இடம் கொடுக்கவேண்டும், வலியை எந்த நேரத்தில் முகத்தில் காட்டவேண்டும், கூட்டத்தின் மூச்சை எங்கே பிடித்து எங்கே விடவேண்டும் என்பதெல்லாம் சிறிய ஊர்களில் சிறிய கூட்டத்தின் முன்னால் வருடக்கணக்கில் கற்றுக்கொள்ளும் விஷயங்கள். ஹென்றி அதை எல்லார் கண்ணெதிரிலும், தொலைக்காட்சியில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998இல் 'நேஷன் ஆஃப் டாமினேஷன்' என்ற கறுப்பினக் குழுவில் ஓர் ஆளாக நின்றார். அடுத்து அவரைப் பெண்பித்தராக்கி 'செக்சுவல் சாக்லேட்' என்று பெயர் வைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய மே யங் என்ற மூத்த பெண் மல்யுத்த வீராங்கனையோடு காதல், கர்ப்பம் என்று கதை ஓடியது. 2000ஆம் ஆண்டில் அந்தப் பிரசவத்தில் பிறந்தது குழந்தை இல்லை, ஒரு ரப்பர் கை. என்னய்யா இது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பயிற்சிக்காக அவரைக் கீழ்நிலை அமைப்புக்கு அனுப்பினார்கள். 2002இல் முதல் 'ஆர்னல்ட் ஸ்ட்ராங்மேன்' போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தார். அதாவது ரெஸ்லிங் வளையத்துக்கு வெளியே அவர் நிஜமாகவே உலகின் பலசாலிதான். உள்ளே மட்டும் கோமாளி. 2006இல் அண்டர்டேக்கரிடம் சவப்பெட்டி ஆட்டத்தில் தோற்றார். 2008இல் ஈசிடபிள்யூ என்ற மூன்றாம் நிலைப் பட்டம் கிடைத்தது. எதுவும் ஒட்டவில்லை. அவருடைய நீண்ட ஒப்பந்தமே ரசிகர்களிடையே ஒரு நகைச்சுவையாக இருந்தது.

இங்கே ரோலண்ட் பார்த்தை அழைக்கவேண்டும். 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் மல்யுத்தத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை இருக்கிறது. மல்யுத்தம் விளையாட்டு இல்லை, அது ஒரு காட்சி என்கிறார். மல்யுத்த வீரரின் உடல்தான் அந்தக் காட்சிக்கு முதல் திறவுகோல், ஆட்டம் முழுவதும் அந்த உடலில் விதையாக அடங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். தோவேன் என்ற ஐம்பது வயது பருமனான வீரரை உதாரணம் காட்டுகிறார். அவர் உள்ளே நுழைந்ததுமே, அவர் உடலைப் பார்த்ததுமே, இவர் என்ன செய்வார் என்று பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடுமாம்.

அழகான வாதம். ஆனால் ஹென்றி விஷயத்தில் அது போதவில்லை. 1996இல் இருந்த உடல்தான் 2011லும் இருந்தது. 400 பவுண்டை ஒட்டிய அதே எடை, அதே தோள்கள், அதே நடை. அந்த உடலைப் பார்த்து முதலில் வியந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள். உடல் மட்டுமே விதை என்றால் முதல் வருடமே முளைத்திருக்கவேண்டும். பார்த் ஒரே ஓர் இரவின் ஆட்டத்தைப் பார்த்து எழுதுகிறார். வாராவாரம் தொடர்ந்து ஓடும் தொலைக்காட்சி ரெஸ்லிங் வேறு ஜாதி. அது முடிவே இல்லாத தொடர்கதை. அதில் உடலோடு இன்னொன்றும் மேடையேறுகிறது. அந்த உடலுக்கு இதுவரை என்னென்ன செய்யப்பட்டது என்ற பார்வையாளரின் ஞாபகம்.

2011 ஏப்ரலில் தன் அணியில் நின்ற ஜான் சீனாவையும் கிறிஸ்டியனையும் ஹென்றி திருப்பி அடித்தார். ரெஸ்லிங் மொழியில் இதற்கு 'ஹீல் டர்ன்' என்று பெயர். நல்லவன் வில்லனாகத் திரும்புவது. அவர் அதற்கு முன்பும் பலமுறை அப்படித் திரும்பியவர்தான். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலையில் பிக் ஷோவின் காலை நாற்காலிக்குள் மாட்டி, அதன்மேல் தன் முழு எடையோடு விழுந்தார். அடுத்து கேனுக்கும் அதே கதி. இப்படிக் காயப்பட்டவர்களின் பட்டியலுக்கு 'ஹால் ஆஃப் பெயின்' என்று பெயர் வந்தது. புகழ்பெற்றவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறதல்லவா, அதன் இருண்ட நிழல். செப்டம்பர் 18ஆம் தேதி பஃபலோ நகரில் ராண்டி ஆர்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார்.

ஆர்டன் என்பதுதான் இந்த இடத்தில் முக்கியம். ஆர்டன் மூன்றாம் தலைமுறை ரெஸ்லர். தாத்தாவும் அப்பாவும் அதே தொழில். இருபத்து நான்கு வயதில் உலகப் பட்டம் வாங்கியவர். வரம் வாங்கி வந்தவருக்கும் வரிசையில் நின்றவருக்கும் நடந்த சண்டை அது. நிறுவனம் எழுதிய கதையில் இது எந்த அளவுக்குத் திட்டமிடப்பட்டது என்பது எனக்கு முக்கியமில்லை. ஹென்றியின் ஆட்டத்தில் அது இருந்தது. கவனித்துப் பாருங்கள், அந்தக் காலத்தில் அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பெரிய உடல்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, தாங்களும் சுறுசுறுப்புதான் என்று காட்ட முயல்வது. ஹென்றி எதிராளியைச் சாய்த்துவிட்டு நிதானமாகச் சுற்றி வந்தார். விழுந்து கிடப்பவரோடு ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். குரல் உயராமல், ஏதோ வேலை சொல்லிக்கொடுப்பதுபோல. இதுதான் நான் செய்வது என்ற பொருளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம் அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது. வில்லத்தனத்தை ஒரு தொழிலாளியின் தன்மானமாக மாற்றிய வாக்கியம் அது.

நம் சினிமாவில் நம்பியார் கைகளைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டினால் போதும், அரங்கமே திட்டும். அந்த வகை வில்லனுக்குக் காரணம் தேவையில்லை. கெட்டவன், அவ்வளவுதான். ஹென்றியின் வில்லன் அந்த வகை இல்லை. அவருக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நாம்தான். ரப்பர் கையைப் பார்த்துச் சிரித்த நாம். அவர் யாரையாவது தூக்கி அடிக்கும்போது, அந்த அடியில் ஒரு பங்கு பார்வையாளர் வரிசைக்கும் வந்துசேர்ந்தது. வில்லனைப் பார்த்து 'பூ' என்று கத்திய அதே கூட்டத்தில் ஒரு பகுதி, மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்ததற்கு இதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. பிரமாண்டமான உடல் கொண்ட ஒரு கறுப்பின மனிதரை இரக்கமற்ற முரடராகக் காட்டுவது அமெரிக்காவுக்குப் புதிதா என்ன? அது அவர்களுடைய மிகப் பழைய, மிக அசிங்கமான சித்திரம். கோமாளி, காமுகன், முரடன் என்று மூன்று பழைய முகமூடிகளையும் ஒரே மனிதருக்கு மாற்றி மாற்றி மாட்டிய நிறுவனம் இது. 1992இல் டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தில் உலகப் பட்டம் வென்ற ரான் சிமன்ஸ்தான் பின்னாளில் இங்கே 'நேஷன்' குழுவின் தலைவராக வந்தவர். அந்தக் குழுவில் நின்ற இளைஞர்களில் ராக் உச்சிக்குப் போனார், ஹென்றி வேடிக்கைப் பொருளானார். 2011இல் கிடைத்த வாய்ப்பும் மூன்றாவது முகமூடிதான் என்று ஒருவர் வாதிட்டால் என்னால் முழுவதுமாக மறுக்க முடியாது.

ஆனாலும் நான் ஒரு வேறுபாட்டைப் பார்க்கிறேன். முகமூடிக்கு ஞாபகம் கிடையாது. ஹென்றியின் 2011ஆம் வருடப் பாத்திரத்துக்கு ஞாபகம் இருந்தது. தனக்கு நடந்ததை அது மறக்க மறுத்தது. தட்டையான சித்திரத்துக்கும் கதாபாத்திரத்துக்கும் நான் வைக்கும் கோடு இதுதான். நாவலிலும் இதே கோட்டைத்தான் வைப்பேன். அவமானத்தைத் தயாரித்த நிறுவனமே அந்த அவமானத்தில் விளைந்த கோபத்தையும் டிக்கெட் போட்டு விற்றது என்பது உண்மை. கசப்பான உண்மை. ஆனால் கோபம் நிறுவனத்துடையது இல்லை. அதை மேடையில் சுமந்தவருடையது.

நிறுவனம் அதைச் சரியாகக் கையாளவும் இல்லை. அக்டோபரில் பிக் ஷோவை மேல்கயிற்றிலிருந்து தூக்கிப் போட்டு, இருவர் எடையில் வளையமே சரிந்து விழும் காட்சி வந்தது. பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் 2003இலேயே பிராக் லெஸ்னரை வைத்து அதே பிக் ஷோவோடு செய்த வித்தை அது. தனி ஞாபகம் உள்ள ஒரு பாத்திரத்துக்கு இரவல் காட்சியைக் கொடுத்தார்கள். இதற்கிடையில் ஹென்றி நிஜமாகவே காயப்பட்டார். டிசம்பர் 18ஆம் தேதி பட்டம் பிக் ஷோவிடம் போய், ஒரு நிமிடம்கூட நிலைக்காமல் டேனியல் பிரையனிடம் போய்ச் சேர்ந்தது. பதினைந்து வருடக் காத்திருப்புக்கு 91 நாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல பருவம் என்று மட்டும் சொல்லியிருப்பேன். 2013 ஜூன் 17ஆம் தேதி அதற்கு ஒரு பின்னுரை வந்தது. ஹென்றி சால்மன் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு வளையத்துக்குள் வந்தார். ஓய்வு பெறுகிறேன் என்றார். சொந்த வாழ்க்கையைப் பேசினார், அழுதார். வீட்டுக்கு வருகிறேன் என்று மனைவி பிள்ளைகளிடம் சொன்னார். தனக்குக் கிடைக்காத ஒரே பெரிய பட்டம் டபிள்யூடபிள்யூஇ பட்டம் என்றார். அரங்கம் உருகியது. பட்டத்தோடு நின்ற ஜான் சீனா கட்டிப்பிடித்தார். அடுத்த நொடி சீனாவைத் தூக்கித் தரையில் அடித்தார் ஹென்றி. ஓய்வும் இல்லை, ஒன்றும் இல்லை.

இந்தப் பேச்சைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் சொல்லப்பட்டவற்றில் ஏறக்குறைய எல்லாமே உண்மை. வயது உண்மை, வலி உண்மை, வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பது உண்மை. போகிறேன் என்பது மட்டும்தான் பொய். வயதான கலைஞர்களிடம் நாம் எதிர்பார்ப்பது அழகான விடைபெறல். அவர்கள் போய்விடுகிறார்கள் என்றால்தான் நமக்கு அன்பு பொங்கும், கைதட்டல் வரும், 'பாவம், நல்ல மனுஷன்' என்போம். முன்பு சிரித்தது எவ்வளவு சுலபமோ, இந்தப் பரிதாபமும் அவ்வளவு சுலபம். இரண்டுக்குமே அவர் கணக்குத் தீர்த்தார் என்றுதான் அந்த அடியை நான் வாசிக்கிறேன்.

ரெஸ்லிங் பார்க்காத வாசகர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஆர்டனோடு நடந்த செப்டம்பர் ஆட்டத்தை முதலில் பாருங்கள், பிறகு இந்தப் பேச்சைப் பாருங்கள். நடுவில் ரப்பர் கை காட்சியையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது. அது இல்லாமல் மற்ற இரண்டும் பாதிதான் புரியும்.

2013 ஜூலை 14ஆம் தேதி பிலடெல்பியாவில் அந்தப் பட்டத்துக்காக அவர் சீனாவோடு மோதினார். சீனாவின் பிடியில் மாட்டித் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2018இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். டபிள்யூடபிள்யூஇ பட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. சால்மன் கோட்டு போட்டுக்கொண்டு அழுதபோது அதைப் பற்றி அவர் சொன்னதும் உண்மையாகவே நின்றுவிட்டது.