கேரம் போர்டும் ஹிஸ்டரி ஷீட்டும்

பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் வீடியோ பரவினால் கைது. பரபரப்பு ஓய்ந்ததும் மைதானத்தில் பந்தல். சென்னைப் புறநகரில் இளைஞர் வன்முறைக்கு நாம் கண்ட மருந்து இப்போதைக்கு இதுதான். கால்பந்துப் போட்டி, மாரத்தான், போதை எதிர்ப்பு உறுதிமொழி, காவல்துறை நடத்தும் சிறார் மன்றம். குறை சொன்னால், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல்தானே என்று நல்ல மனசுக்காரர்களே கோபித்துக்கொள்கிறார்கள். அந்த வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. மன்றத்தில் குத்துச்சண்டை பழகித் தேறிய பிள்ளைகள் உண்டு. 2022 செப்டம்பரில் சென்னைக் காவல்துறை தொடங்கிய ‘சிற்பி’ திட்டம் 100 பள்ளிகளில் 5,000 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தது. சிறைக்கு முதன்முறை வரும் இளைஞர்களுக்கான ‘பறவை’ திட்டம் இன்னும் சரியான ஆளைத் தேடிப் போனது.

ஆனால் மன்றத் திறப்பு விழாவில் வரிசையில் நிற்பது யார்? பி.டி. மாஸ்டர் அழைத்து வந்த மாணவர்கள். இலவச டி-சர்ட், கையில் உறுதிமொழி அட்டை. பத்தாவதோடு நின்றுவிட்டு, ஏரியாவில் ‘கெத்து’ காட்டும் ஒருவன் பின்னால் பைக்கில் சுற்றும் பதினேழு வயதுப் பையன் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. கேரம் போர்டு வைத்திருக்கும் அதே ஸ்டேஷனில்தான் குற்றப் பின்னணியைப் பதிந்துவைக்கும் ஹிஸ்டரி ஷீட்டும் இருக்கிறது. மன்றத்துக்கு வரச்சொல்லும் எஸ்.ஐ.தான் நாளைக்கு அவனுக்குப் பதினெட்டு ஆனதும் நன்னடத்தைப் பிணைக்கும் கூப்பிடுவார். அண்ணன் யார், எந்த ‘ஏரியா பசங்க’, யார் யாருக்கு ஸ்கெட்ச் போடுகிறார்கள் என்று மன்றத்தில் அவன் வாய் திறந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பது அவனுக்குத் தெரியும். உதவி செய்யும் கையும் பிடித்துப் போடும் கையும் ஒன்றாக இருக்கும்வரை எந்த மைதானமும் அவனுக்கு மைதானம் ஆகாது. சிறார் குற்றப் பதிவுகளை அழித்துப் புது வாழ்க்கை தரச் சொல்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். ஸ்டேஷனின் ஞாபகம் அப்படி அழிவதில்லை.

அந்தப் பையனை நிஜமாகவே பிடிக்கக்கூடிய இடம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. முழங்கைக்குக் கீழே நேர்கோடாக வெட்டு. கேட்டால் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டேன்’ என்கிறான். டாக்டர் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) எழுதினால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும் என்ற பயம். தையல் போட்டதும் ஓடிவிடுகிறான். வெளியே பைக்கில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள். பழிக்குப் பழி அன்றிரவே முடிவாகிறது. தையல் போடும் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார நம்மிடம் ஆளில்லை. கத்திக்குத்துக்குப் பேர்போன கிளாஸ்கோ நகரில் 2005இல் வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியதே காவல்துறைதான். அப்படியும் பிற்பாடு மருத்துவமனையில் காயம்பட்டவன் அருகே உட்காரச் சீருடை இல்லாதவர்களை அனுப்பினார்கள். அவர்களில் சிலர் தாங்களே அந்த வாழ்க்கையிலிருந்து மீண்டவர்கள்.

அயலூர்க் கதை என்று ஒதுக்கவேண்டாம். 1990களில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ் இளைஞர்களே கும்பல் கும்பலாகத் துப்பாக்கி தூக்கினார்கள். 1997 டிசம்பரில் எந்தக் கும்பலிலும் இல்லாத ஒரு பல்கலைக்கழக மாணவர் டோனட் கடையில் சுடப்பட்டு இறந்தார். அடுத்து உருவானதுதான் கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு அமைப்பு. நடத்தியவர்கள் அதே தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள். 2001 அக்டோபரில் போலீஸ் பெரிய அளவில் கைது நடத்தியது. அது போலீஸின் வேலை, அதை அவர்கள் செய்தார்கள். இரண்டு வேலைக்கும் இரண்டு வாசல் இருந்தது.

இங்கே ஒரே வாசல். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் உள்ளே போயின. ஒட்டிக்கிடக்கும் பொழிச்சலூர் ஊராட்சியாகவே வெளியே நின்றது. 2022 ஜனவரியில் வந்த தாம்பரம் காவல் ஆணையரகத்தில் மட்டும் அதற்கு உடனே இடம் கிடைத்தது. மாநகரம் அந்த ஊர்ப் பையனைத் தேடி முதலில் அனுப்பியது காக்கிச் சட்டையைத்தான். மன்றத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மன்றங்களை மூடச் சொல்லவில்லை. ஸ்டேஷனிடமிருந்து பிரித்து, இளைஞர் நலத்துறையிடமோ ஊராட்சியிடமோ கொடுங்கள். அடுத்த போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் இரவுப் பணிக்கு இரண்டு பேரை நியமியுங்கள். ஏரியா தெரிந்தவர்களாக, பையன் சொன்னதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களாக அவர்கள் இருக்கட்டும். ஏ.ஆர். அதன் வழியில் போகட்டும்.