மெய்ப்பாட்டு நோக்கில் குங்பூ திரைப்படச் சண்டைக் காட்சிகள்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

தமிழில் திரைப்பட ஆய்வு கதை, உரையாடல், பாடல், அரசியல் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் அமைந்துள்ளது. சண்டைக் காட்சி திரைப்படத்தில் கணிசமான நேரத்தைப் பெற்றிருந்தும், ஆய்வாளர் பார்வையில் அது வெறும் கேளிக்கைக் கூறாகவே நின்றுவிட்டது. ‘நன்று’, ‘விறுவிறுப்பு’ என்னும் சொற்களுக்கு அப்பால் ஒரு சண்டைக் காட்சியை மற்றொன்றோடு ஒப்பிட்டு உரைக்கும் அளவுகோல் நம்மிடம் இல்லை என்பதே பொதுவான எண்ணம். அவ்வளவுகோல் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் உள்ளது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. இதற்கென ஆங்காங் குங்பூ படங்களுள் 1971 முதல் 1984 வரை வெளிவந்த சில எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இறுதியில், மும்பைத் தமிழர் வாழ்வைக் காட்டிய இரு தமிழ்ப் படங்கள் அவ்வளவுகோலால் நோக்கப்படுகின்றன.

இவ்வாய்வுக்கு வித்திட்டது ஒரு நினைவாகும். 1980களில் தாராவியின் சிறு வீடியோக் கூடங்களில் சீனப் படங்கள் ஆங்கிலக் குரலில் ஓடின. கூடியிருந்தோரில் பெரும்பாலோர்க்குச் சீனமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. படம் முடிந்தபின் கதையைக் கேட்டால் சொல்லத் தெரியாத நண்பர்கள், மறுநாள் காலை தெருக்குழாயிலிருந்து நீர் கொண்டுவரும்போது, இரு வாளிகளையும் பக்கவாட்டில் கைநீட்டிச் சுமந்து நடந்து காட்டினர். சொல் புகாத இடத்தில் மெய் புகுந்திருந்தது. இக்கட்டுரையாளர் பின்னர் ஐரோலிக்குக் குடிபெயர்ந்த காலத்திலும் அந்த நடை மறக்கவில்லை. அவர்கள் கண்டது எதனை என்னும் வினாவே இவ்வாய்வின் தொடக்கம்.

மெய்ப்பாடும் சண்டையும்

உள்ளத்து நிகழும் உணர்வு உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் கருத்து. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனும் எட்டனுள் ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் எனத் தொல்காப்பியர் வகுக்கிறார். இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. போருக்குரிய மெய்ப்பாடு வெகுளி ஒன்றே என நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். தொல்காப்பியரோ தறுகண்மையை வெகுளிக்குத் தரவில்லை, பெருமிதத்திற்குத் தருகிறார். அதனோடு கல்வியையும் அப்பெருமிதத்தின் களனாகவே வைக்கிறார். வீரம் சினத்தின் உடன்பிறப்பு அன்று, கற்றலின் உடன்பிறப்பு என்னும் இந்நுட்பம் சண்டைக் காட்சிகளைப் பகுத்துணரப் பெரிதும் துணைபுரிகிறது.

மெய்ப்பாடு தோன்ற மெய் தோன்றவேண்டும். எனவே சண்டைக் காட்சியின் தரத்தை அறிய மூன்று வினாக்களை எழுப்பலாம். மோதுவோரின் காலடி காண்போர்க்குத் தெரிகிறதா? எதிராளி மதிக்கத்தக்கவனாக அமைகிறானா? படத்தொகுப்பு உணர்வைக் காட்டப் பயன்படுகிறதா, அன்றி நடிகரின் குறையை மறைக்கப் பயன்படுகிறதா? இம்மூன்றும் அடியின் எண்ணிக்கையையோ விரைவையோ பொருட்படுத்தாதவை என்பது நோக்கத்தக்கது.

வெகுளி: புரூஸ் லீ

வெகுளியின் களன்களுள் ஒன்று குடிகோள். அதாவது தன் குடியைப் பிறர் நலிதல். புரூஸ் லீயின் ‘பிஸ்ட் ஆப் பியூரி’ (1972) இதற்குத் தக்க சான்று. ஆசானை இழந்த மாணவனிடம், சீனரை ஆசியாவின் நோயாளிகள் எனப் பழிக்கும் பலகை காட்டப்படுகிறது. அவன் அப்பலகையுடன் சப்பானியர் பயிற்சிக்கூடம் புகுந்து தனியனாகப் பலரையும் வெல்கிறான். இக்காட்சியில் எதிராளிகள் பலர். அவருள் எவர்க்கும் தனித்த மதிப்பு இல்லை. உணர்வு முழுவதும் ஒரே உடம்பில் திரள்கிறது. அடிக்கும் அடிக்கும் இடையே அவர் அசைவற்று நிற்கும் நொடிகளே வெகுளியை மிகுவிக்கின்றன.

அவரே இயக்கிய ‘வே ஆப் தி டிராகன்’ (1972) படத்தின் இறுதிச் சண்டை இதனினும் உயர்ந்தது. உரோமாபுரிக் கொலோசியத்தில் சக் நாரிசுடன் மோதும் முன்னர் இருவரும் உடலைத் தளர்த்திப் பதப்படுத்தும் நெடுங்காட்சி வருகிறது. எதிராளியின் உடற்பயிற்சியைக் கதைத்தலைவனுக்குச் சமமாகக் காட்டியதே இதன் சிறப்பு. முதலில் லீ வீழ்கிறார். பின் காலடியை மாற்றித் துள்ளுநடை கொள்கிறார். மாற்றம் முழுவுடலும் தெரியும் தொலைக்காட்சித்துண்டுகளில் காட்டப்படுவதால், வெற்றிக்குக் காரணம் காண்போர்க்கு விளங்கிவிடுகிறது. கொன்றபின் எதிராளியின் மேலாடையையும் இடைக்கச்சையையும் அவன் உடல்மேல் போர்த்தி மண்டியிடும் காட்சியில் வெகுளி அடங்கிப் பெருமிதம் தோன்றுகிறது. இரு தரப்பும் வீரமே பொருளாகப் பொரும் தும்பைத் திணையின் இயல்பு இங்குப் பொருந்துவது காணலாம்.

மருட்கை: கிங் ஹூ

காலடி தெரிதல் வேண்டும் என மேலே கூறப்பட்டதற்குத் தடையாக நிற்பவர் கிங் ஹூ. அவரது ‘எ டச் ஆப் ஜென்’ (1971) படத்தின் மூங்கிற்காட்டுச் சண்டை புகழ்பெற்றது. 1975இல் கான் திரைப்பட விழாவில் இப்படம் தொழில்நுட்பச் சிறப்புக்கான பரிசு பெற்றது. இக்காட்சியில் தலைவி மூங்கில்களினூடே எழும்பி வாளுடன் தலைகீழாகப் பாய்கிறாள். ஒரு பாய்ச்சல் பல துண்டுகளாக வெட்டப்பட்டுள்ளது. சில துண்டுகள் கண் பற்றும் முன்பே மறைந்துவிடுகின்றன.

இது குறையை மறைக்கும் வெட்டு எனக் கொள்ளுதல் பொருந்தாது. மருட்கையின் களன்களுள் புதுமையும் ஆக்கமும் அடங்கும். ஆக்கமாவது ஒன்று வேறொன்றாகத் திரிதல். மனித உடல் பறவையாகத் திரியும் அந்நொடியை முழுதும் காட்டிவிட்டால் வியப்பு அழிந்துவிடும். பாதி காட்டிப் பாதி மறைத்தலே மருட்கைக்கு உரிய முறை. ஆயின், பாய்ச்சலுக்கு முன்னும் பின்னும் வீரர் நிற்கும் நிலை தெளிவாகக் காட்டப்படுகிறது என்பதை மறத்தலாகாது. ஆகவே வெட்டு மிகுதியா, குறைவா என்பது அன்று வினா. வெட்டு எந்த மெய்ப்பாட்டுக்குப் பணிசெய்கிறது என்பதே வினா. இப்படத்தின் சண்டைகளை அமைத்த ஹான் யிங்-சிய் பீகிங் இசைநாடக மரபில் பயின்றவர். அதே ஆண்டில் புரூஸ் லீயின் ‘தி பிக் பாஸ்’ (1971) படத்திற்கும் சண்டை அமைத்து, தீயோனாகவும் நடித்தார். ஒரே கலைஞரின் அமைப்பு ஓரிடத்தில் மருட்கையாகவும் மற்றோரிடத்தில் வெகுளியாகவும் வெளிப்பட்டமை, சண்டைக் காட்சியின் உணர்வைப் படைப்பதில் இயக்குநர்க்கும் நடிகர்க்கும் உள்ள பங்கைத் தெளிவாக்குகிறது.

நகை: ஜாக்கி சான்

யுவென் வூ-பிங் இயக்கிய ‘டிரங்கன் மாஸ்டர்’ (1978) படத்தில் ஜாக்கி சான், சீனத்தின் புகழ்பெற்ற போர்க்கலை வல்லுநர் வோங் பெய்-ஹுங்கை இளைஞனாக நடித்தார். 1949 முதல் குவான் டக்-ஹிங் நடித்த நெடும் படவரிசையில் இவ்வல்லுநர் ஒழுக்கம் மிக்க மூத்த ஆசானாகவே காட்டப்பட்டவர். அவரை அடங்காத விடலையாக்கியதே இப்படத்தின் துணிவு. நகையின் களன்களாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் இளமையும் பேதைமையும் உண்டு; இவ்விரண்டும் இப்படத்தில் ஒருங்கே அமைகின்றன.

குடிபோதையில் தள்ளாடுவான் போன்ற நிலைகளே அங்குத் தாக்குதலாகவும் தடுப்பாகவும் ஆகின்றன. வீழ்வான் எனக் காண்போர் எண்ணும் இடத்தில் அடி விழுகிறது. நகை தோன்ற வேண்டுமாயின் உடலின் சமநிலை இழப்பும் மீட்பும் ஒரே துண்டில் தெரிதல் இன்றியமையாதது. இடையில் வெட்டினால் நகை கெடும். எட்டு நிலைகளுள் இறுதியானது பெண்மைச் சாயல் கொண்டது என்பதால் அவன் அதனைக் கல்லாது விட்டுவிடுகிறான். இறுதிச் சண்டையில் அதுவே தேவைப்படுகிறது. அவன் தானே அதனைப் புனைந்துகொள்கிறான். கல்லாமையின் விளைவைச் சண்டையின் நடுவே காட்டியதால் இப்படம் வெறுங்கூத்தாக நில்லாது உயர்கிறது.

பெருமிதம்: லாவ் கர்-லியுங்

கல்வியால் பிறக்கும் பெருமிதத்தை முழுப்பொருளாக்கியவர் லாவ் கர்-லியுங். வோங் பெய்-ஹுங்கின் மாணவர் வழியில் வந்த குடும்பத்தினர் இவர். தந்தை லாவ் சாம் முற்கூறிய குவான் டக்-ஹிங் படங்களில் பங்கேற்றவர். இவர் இயக்கிய ‘தி தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஆப் ஷாவோலின்’ (1978) படத்தில் கோர்டன் லியு நடித்த சான் தே என்னும் இளைஞன், கொடுங்கோலர்க்கு எதிராகப் போர்க்கலை கற்கத் துறவியர் மடம் புகுகிறான். பழிவாங்கும் வெகுளியோடு தொடங்கும் கதை, நடுப்பகுதி முழுவதும் பயிற்சிக் கூடங்களில் நிலைகொள்கிறது. நீரில் மிதக்கும் கட்டைகள்மேல் கால்வைத்துக் கடந்தால்தான் உணவு. கைகளைத் தாழ்த்தினால் விலாவில் கத்தி குத்துமாறு கட்டப்பட்ட நிலையில் நீர்வாளி சுமக்கவேண்டும். தாராவி நண்பர்கள் செய்து காட்டியது இந்நடையையே.

இப்படத்தில் கற்ற ஒவ்வோர் உறுப்புப் பயிற்சியும் பின்னர்ச் சண்டையில் இன்ன இடத்தில் பயன்பட்டது எனக் காண்போர் அறிய முடிகிறது. இரட்டை வாள் கொண்ட மூத்த துறவியிடம் தோற்றுத் தோற்று, மூன்று துண்டாய் இணைந்த கோலை அவன் புதிதாகப் படைத்து வெல்லும் காட்சியில் கல்வி படைப்பாக மாறுகிறது. அச்சண்டையில் பகை இல்லை. பகையின்றியும் சண்டை உச்சத்தை எட்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இவரது ‘எய்ட் டயக்ராம் போல் பைட்டர்’ (1984) இதன் மறுபக்கம். குடும்பத்தை இழந்த வீரன் தன் ஈட்டியின் முனையை அறுத்துக் கோலாக்கி மடம் புகுகிறான். அம்மடத்துத் துறவியர் மர ஓநாயின் பற்களைக் கோலால் வீழ்த்திப் பழகுகின்றனர். ஓநாயைக் கொல்லுதல் அவர் நோக்கமன்று. வெகுளியும் துறவும் ஒரே கோலில் மோதுகின்றன. படப்பிடிப்புக் காலத்தில், 1983இல், நடிகர் அலெக்சாண்டர் பு ஷெங் விபத்தில் இறந்ததால் கதை மாற்றப்பட்டது. அவ்விழப்பின் அழுகை படம் முழுவதும் படிந்திருப்பதாகவே தோன்றுகிறது. நால்வகை மெய்ப்பாடுகளுள்ளும் சண்டையின் காரணத்தையும் விளைவையும் உடம்பிலேயே எழுதிக்காட்ட வல்லது கல்வியிற் பிறந்த பெருமிதமே. அதனால் லாவ் கர்-லியுங்கின் படங்கள் முதலிடம் பெறத்தக்கன என்பது இக்கட்டுரையின் துணிபு.

தோற்றம் பற்றிய ஒரு குறிப்பு

ஷாவோலின் கலை காஞ்சிபுரத்துப் போதிதருமரால் சீனம் சென்றது எனப் பெருமை பேசுதல் தமிழில் வழக்கம்; ‘ஏழாம் அறிவு’ (2011) படம் அதனைப் பரப்பிற்று. போதிதருமரைப் போர்க்கலையோடு இணைக்கும் நூற்சான்று 17ஆம் நூற்றாண்டினது. அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. எனவே அதனை வரலாறாகக் கொள்ள இயலாது. அக்கலை நம்முடையது எனக் காட்டினால்தான் அதனை மதிக்கவேண்டும் என்பதும் இல்லை. அதனை நம் இலக்கணத்தால் அளந்து உணர இயலுகிறது என்பதே போதிய உறவு.

தமிழ்த் திரையில் மும்பைத் தமிழர்

சிலம்பம் தமிழ்த் திரைக்குப் புதிதன்று. ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் அமர்ந்தவாறே கோல் சுழற்றும் காட்சியில், வீச்சும் தடுப்பும் தொடர்ந்து தெரிகின்றன. உழைப்பாளியின் கருவியும் வீரனின் கருவியும் அங்கு ஒன்றாகின்றன.

தாராவித் தமிழரை மையமாக்கிய ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய படங்களில் நிலை வேறு. ‘நாயக’னில் காவல் ஆய்வாளர் கேல்கரை வேலு கொல்லும் காட்சி முழுமையான வெகுளி. வளர்த்த தந்தையைக் காவலில் இழந்தவனின் செயலாதலால் குடிகோளும் கொலையும் அதற்குக் களனாகின்றன. அழகுபடுத்தப்பட்ட அடிவரிசை எதுவும் அங்கு இல்லை. இல்லாமையே அக்காட்சிக்கு உண்மை தருகிறது. ‘காலா’வில் மேம்பாலத்தின்மேல் கரிகாலன் குடையைப் படைக்கலமாக்கிப் பொரும் காட்சி சிலம்பத்தை நினைவூட்டும் நல்ல கற்பனை. ஆயினும் மெதுவோட்டத்தில் நாயகனின் தோற்றப்பொலிவு முன்வரக் காலடியின் தொடர்ச்சி பின்தள்ளப்படுகிறது. அக்குடைவீச்சை அவர் எங்குக் கற்றார், எவரிடம் கற்றார் என்பதற்கு உடம்பில் விடையில்லை. பெருமிதம் உண்டு, அதன் களன் கல்வி அன்று, புகழ்.

இரு படங்களும் தத்தம் அளவில் சிறந்தவை. ஆனால் மும்பைத் தமிழன் சினப்பவனாகவோ தலைவனாகவோ காட்டப்படும் அளவுக்குக் கற்பவனாகக் காட்டப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. தோல் பதனிட்டும், இட்டலி விற்றும், கட்டடம் கட்டியும் மூன்று தலைமுறையாக அந்நகரில் உடம்பால் கற்றவர்கள் அவர்கள்.

முடிவுரை

சண்டைக் காட்சியின் தரம் விரைவிலோ அடியின் எண்ணிக்கையிலோ இல்லை. மெய்யின்கண் தோன்றும் உணர்வின் தெளிவில் உள்ளது. வெகுளி, மருட்கை, நகை, பெருமிதம் என மெய்ப்பாடு வேறுபடுந்தோறும் காலடியைக் காட்டும் முறையும் வெட்டும் முறையும் வேறுபடும். ஒன்றற்குரிய இலக்கணத்தால் மற்றொன்றைக் குறைகூறுதல் கூடாது.

தமிழ்ப் படங்களின் பெயர்ப்பட்டியலில் இப்பணி ‘சண்டைப் பயிற்சி’ எனக் குறிக்கப்படுகிறது. ஆங்காங் படங்களில் வழங்கும் சொல்லும் போர்க்கலை வழிகாட்டல் என்னும் பொருளதே. இருமொழியும் இதனைக் கற்பித்தல் எனவே பெயரிட்டுள்ளன. ஆயின் நம் ஆய்வுகள் அப்பயிற்சியாளர்களின் பெயரைக்கூடப் பெரும்பாலும் குறிப்பதில்லை. நடன அமைப்பாளர்க்கும் இசையமைப்பாளர்க்கும் தரும் இடத்தை இவர்க்கும் தந்து, இவர்தம் சொற்களையும் முறைகளையும் தொகுத்தல் உடனடித் தேவை.

சான் தே கற்ற கூடங்கள் முப்பத்தைந்து. முப்பத்தாறாவது கூடம் அவன் கேட்டுப் பெற்றது; மடத்திற்கு வெளியே எளிய மக்களுக்குக் கற்பிக்கும் கூடம் அது. வாளி சுமந்து நடந்து காட்டிய சிறுவர்கள் அப்படத்தின் ஒரு சொல்லையும் அறியாமலே அக்கூடத்துள் புகுந்திருந்தனர். அவர்கள் கண்டதனைச் சொல்லத் தமிழில் சொல் உண்டு. அதனை எடுத்து வழங்குதல் நம் கடன்.