தெரிந்த கொலைகாரனும் தீராத பதைபதைப்பும்

துப்பறியும் கதை என்றாலே கடைசி அத்தியாயத்தை யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கொலை நிகழும். கொன்றவர் யார் என்பது இறுதியில் வெளிப்படும். இடைப்பட்ட பக்கங்களில் நாம் ஐந்தாறு பேர்மீது மாறி மாறி ஐயுறுவோம். அகதா கிறிஸ்டி இந்த முறையில் கைதேர்ந்தவர் என்பதை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் விடையை அறிந்துகொண்ட பின் அதே நூலை இரண்டாம் முறை எடுத்துப் படிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? புதிர் அவிழ்ந்ததும் அதன் உயிரும் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான வழியில் எழுதப்பட்ட ஒரு நூலைப் பற்றியே இங்கே சிந்திக்க விரும்புகிறேன். தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866ஆம் ஆண்டில் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ என்னும் ரஷ்ய மாத இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்ட அந்நாவலில், கொலை முதல் பாகத்தின் இறுதியிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. கொன்றவன் ரஸ்கோல்னிகோவ் என்னும் வறிய மாணவன் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அவனோடு மாடிப்படி ஏறியவர்கள் அல்லவா நாம்! எஞ்சிய ஐந்து பாகங்களுக்கு ஆசிரியரிடம் மறைத்து வைக்க என்ன இருக்கிறது? ஏறத்தாழ ஒன்றுமில்லை. இருந்தும் நூலைக் கீழே வைக்க முடிவதில்லை. மதுரை பாத்திமா கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய எம்.ஏ. சுசீலா இதைத் தமிழில் தந்திருப்பதால், நம் வாசகர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இதன் சூட்சுமத்தை எளிதாக விளக்கியவர் திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக். இலண்டனில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவர் அவர். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் அவர் நிகழ்த்திய உரையாடல்கள் 1966இல் நூலாக வந்தன. அதில் அவர் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியிலிருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதையும், அது வெடிக்கும் நேரத்தையும் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால், அவர்கள் பேசும் வெட்டிப்பேச்சின் ஒவ்வொரு சொல்லும் நம்மைத் துடிக்க வைக்கும். அப்போது கிடைப்பது பதினைந்து நிமிடப் பதைபதைப்பு. அறியாமையிலிருந்து பிறப்பது வியப்பு. அறிந்தும் கை நீட்டித் தடுக்க முடியாத நிலையிலிருந்து பிறப்பது பதைபதைப்பு.

கொலை நிகழும் அத்தியாயத்தை இந்தக் கண்ணோடு பார்ப்போம். தான் குடியிருக்கும் வீட்டின் வாயிலிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீடு வரை எழுநூற்று முப்பது அடிகள் என்று ரஸ்கோல்னிகோவ் முன்னமே எண்ணி வைத்திருக்கிறான். கோடரியை மறைத்துத் தொங்கவிட மேலங்கியின் உட்புறம் ஒரு துணி வளையம் தைத்துக்கொள்கிறான். இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பின், கோடரியை எடுக்க நினைத்த சமையலறையில் வேலைக்காரி நஸ்தாஸ்யா இருக்கிறாள்! எல்லாம் கைநழுவிய அந்த வேளையில், காவல்காரனின் அறையில் இன்னொரு கோடரி கண்ணில் படுகிறது. அடகுப் பொருள் என்று அவன் கொண்டுபோவது மரத்துண்டும் இரும்புத் தகடும் வைத்து இறுகக் கட்டிய வெறும் பொட்டலம். முடிச்சை அவிழ்க்கக் கிழவிக்கு நேரமாக வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறான். அவள் வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் திரும்பி முடிச்சோடு போராடுகிறாள். கொலைகாரனுக்குத் தேவைப்பட்ட அதே தாமதம் கதாசிரியருக்கும் தேவைப்படுகிறது. ஒரே முடிச்சில் இருவருடைய வேலையும் முடிகிறது.

அடுத்து வருவது இன்னும் கொடியது. எதிர்பாராமல் வந்துவிட்ட லிசாவெதாவை, கிழவியின் அப்பாவித் தங்கையை, அவன் வெட்டிச் சாய்க்கிறான். பிறகுதான் வெளிக்கதவு அவ்வளவு நேரமும் திறந்தே கிடந்தது அவனுக்குத் தெரிகிறது. தாழிட்ட சிறிது நேரத்துக்குள் வெளியே காலடியோசை. அடகு வைக்க வந்த இருவர் மணியை இழுக்கிறார்கள், கதவை ஆட்டுகிறார்கள். உள்ளே கொக்கி குதிக்கிறது. கதவு உட்புறம் தாழிடப்பட்டிருப்பதால் உள்ளே யாரோ இருக்கத்தான் வேண்டும் என்று அவர்களுள் ஒருவன் கண்டுகொள்கிறான். ஒரு கதவு, ஒரு கொக்கி. இப்பக்கம் கோடரியோடு ஒருவன், அப்பக்கம் இரண்டு சாதாரண மனிதர்கள். காவல்காரனை அழைத்துவர ஒருவன் இறங்கிப் போகிறான். மற்றவனும் பொறுமையிழந்து நகர்கிறான். ரஸ்கோல்னிகோவ் நழுவிப் படியிறங்கி, வர்ணம் பூசுவோர் சற்றுமுன் விட்டுச்சென்ற காலி வீட்டுக்குள் பதுங்கித் தப்புகிறான்.

இங்கே வாசகரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கொக்கி ஆடிய போது நம் மனம் யார் பக்கம் நின்றது? இரண்டு பெண்களின் இரத்தம் தரையில் கிடக்க, ‘அகப்பட்டுவிடாதே, ஓடு’ என்றல்லவா நாம் உள்ளுக்குள் கூவினோம்! மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய நாள்களில், ‘சாமி, பிள்ளைகள் இந்தக் கொலைக்கதைகளைப் படிக்கலாமா?’ என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. எத்தனை கொலை நடக்கிறது என்று எண்ணிப் பயனில்லை, கதை படிப்பவரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று பாருங்கள் என்பதே நான் சொல்லி வந்த விடை. புதிர்க்கதை நம்மை நீதிபதியின் நாற்காலியில் அமர்த்துகிறது. நாம் அங்கிருந்து யாரை வேண்டுமானாலும் சுட்டலாம். நம்மை யாரும் சுட்டமாட்டார்கள். தாஸ்தாயெவ்ஸ்கியோ நம்மைக் கதவின் உட்புறத்தில் நிறுத்திவிடுகிறார்.

இந்த இடத்தை அவர் எளிதில் அடைந்துவிடவில்லை. குற்றவாளியே தன் வாக்குமூலத்தைச் சொல்வதாகத்தான் முதலில் எழுதினார். 1865இன் இறுதியில் எழுதியவற்றை எரித்துவிட்டுப் படர்க்கையில் மீண்டும் தொடங்கினார். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. தன் கதையைத் தானே சொல்பவன் எல்லாம் முடிந்தபின் சொல்கிறான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். முடிவு தெரிந்தும் காத்திருப்பது எத்தகையது என்பதையும் ஆசிரியர் தாமே அறிந்தவர். 1849 டிசம்பரில் மரண தண்டனைக்கென்று மைதானத்தில் நிறுத்தப்பட்டு, துப்பாக்கிகள் குறி பார்த்த பின்னரே தண்டனைக் குறைப்பு அறிவிக்கப்பட்ட கைதிகளுள் அவரும் ஒருவர்.

நாவலின் சிகரமாக நான் கருதுவது நான்காம் பாகத்தில் சோனியாவின் அறையில் நிகழும் காட்சி. குடும்பத்தின் பசிக்காகத் தன்னை விற்றுக்கொண்ட அந்தப் பெண்ணின் அறையில் ஒரு புதிய ஏற்பாடு கிடக்கிறது. யார் கொடுத்தது என்று ரஸ்கோல்னிகோவ் கேட்கிறான். லிசாவெதா கொடுத்தாள் என்கிறாள் அவள். இறந்துபோன தோழிக்காகத் தான் மன்றாட்டு நடத்தியதையும் கள்ளமின்றிச் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பவன் யார் என்பது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது என்பது இதுதான். இலாசரின் பகுதியை வாசிக்கச் சொல்கிறான். அவள் நடுங்கும் குரலில் யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கிறாள். கல்லறையில் நான்கு நாள் என்னும் இடத்தில் ‘நான்கு’ என்பதை அழுத்திச் சொல்கிறாள்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, முதலாம் ஆண்டு வாசக வட்டத்தில் நாம் கேட்கும் அதே நற்செய்திதான். அதன் அமைப்பைச் சற்றே நோக்குக. நண்பன் நோயுற்றான் என்று கேட்டும் ஆண்டவர் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். இந்நோய் சாவில் முடிவதற்கன்று என்பதும் நமக்குத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகிறது. முடிவு தெரிந்தும், சகோதரியர் இருவரும் ஒருவர்பின் ஒருவராக ஒரே மனக்குறையைச் சொல்லி அழும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. யோவானின் தாமதமும் தாஸ்தாயெவ்ஸ்கியின் தாமதமும் ஒரே பக்கத்தில் சந்திக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. ரஸ்கோல்னிகோவ் விடைபெறும்போது, லிசாவெதாவைக் கொன்றவன் யார் என்று மறுமுறை சொல்வதாகக் கூறிச் செல்கிறான். உடனே ஆசிரியர் சுவருக்கு அப்பால் நம்மை அழைத்துப் போகிறார். அங்கே காலியாகக் கிடந்த அறையில் ஸ்விட்ரிகைலோவ் என்னும் தீயவன் அத்தனையும் ஒட்டுக்கேட்டிருக்கிறான். அடுத்த முறை வசதியாக உட்கார்ந்து கேட்க ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போடுகிறான்! ஐந்தாம் பாகத்தில் குற்றத்தைச் சோனியாவிடம் அவன் வெளிப்படுத்தும்போது, நம் ஒரு காது அந்தச் சுவரிலேயே இருக்கிறது. ஒரு நாற்காலியால் இதைச் சாதித்தவரை வேறு எவரோடு ஒப்பிடுவது? இந்த அத்தியாயத்தின் முதல் வடிவத்தை இதழின் ஆசிரியர் குழு ஏற்க மறுத்து, திருத்தி எழுத வைத்தது என்பது வரலாறு. விலைமகள் நற்செய்தி வாசிப்பது அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது.

குறையே இல்லாத நூல் என்று நான் சொல்லமாட்டேன். தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மீறியவை. கிழவியைக் கொல்லலாமா என்று மதுக்கடையில் யாரோ பேசுவது அவன் காதில் விழுகிறது. லிசாவெதா வீட்டில் இராத நேரமும் சந்தையில் அவன் காதில் விழுகிறது. லூஷின் சோனியாவின் பையில் நூறு ரூபிள் தாளை மறைத்து வைத்துத் திருட்டுப்பழி சுமத்தும் காட்சி விறுவிறுப்பானதுதான். எனினும் தாளை வைத்ததை நம்மிடமிருந்து மறைத்துப் பின்னர் அவிழ்ப்பதால், அது பதினைந்து நொடி வெடியாகவே முடிகிறது.

விசாரணை அதிகாரி போர்ஃபிரி ஆறாம் பாகத்தில் மாணவனின் அறைக்கே வந்து, கொன்றவன் நீதான் என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறார். சொல்லிவிட்டுக் கைது செய்யாமல் போகிறார். தானாக வந்து ஒப்புக்கொள்ள அவகாசம் தருகிறார். அகப்படுவானா என்ற கேள்வி இத்துடன் மறைந்து, ஒப்புக்கொள்வானா என்ற கேள்வி பிறக்கிறது. சோனியா சொன்னபடி சந்தைவெளியில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். குடிகாரன் என்று கூட்டம் சிரிக்கிறது. காவல் நிலையத்துக்குள் போனவன், ஸ்விட்ரிகைலோவ் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்த செய்தியை அங்கே கேட்கிறான். சுவருக்கு அப்பால் இருந்த காது இனி இல்லை. ஒன்றும் சொல்லாமலே படியிறங்கி வந்துவிடுகிறான். முற்றத்தில் சோனியா வெளிறிய முகத்தோடு நிற்கிறாள். சற்று நின்றவன், திரும்பி மேலே ஏறுகிறான்.

பின்னுரை வலுவற்றது என்று திறனாய்வாளர் பலர் கூறியுள்ளனர். எட்டாண்டுக் கடுங்காவல் தீர்ப்பைச் செய்தித்தாள் நடையில் சொல்லிச் செல்லும் அப்பக்கங்களில் வேகம் குறைவுதான். ஆயினும் சைபீரியச் சிறையில் அவன் தலையணைக்கு அடியில், சோனியா இலாசரை வாசித்துக்காட்டிய அதே புதிய ஏற்பாடு இருக்கிறது. அவனே கேட்டு வாங்கியது. கடைசிப் பக்கத்தில் அதைக் கையில் எடுக்கிறான். அப்போதும் அவன் அதைத் திறக்கவில்லை.