வென்றதும் இழந்ததும்

1962 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹவ் த வெஸ்ற் வோஸ் வொன்’ என்னும் திரைப்படம், அமெரிக்காவின் மேற்றிசை நோக்கிப் பெயர்ந்த பிரெஸ்கொற் குடும்பத்தின் ஏறத்தாழ ஐம்பதாண்டு வரலாற்றை ஐந்து பகுதிகளிற் கூறுவது. மூன்று எறிகருவிகள் கொண்டு அகன்ற வளைதிரையிற் காட்டும் சினராமா முறையில் ஆக்கப்பட்டமையால், ஆறும் மலையும் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆயினும், மேற்கு வெல்லப்பட்டதெனத் தலைப்பே முழங்குமிடத்து, ‘எவரிடமிருந்து?’ என வினவுதல் திறனாய்வாளன் கடனாகும்.

ஜோன் போர்ட் நெறிப்படுத்திய உள்நாட்டுப் போர்ப் பகுதி மிகச் சிறிது. எனினும் அதுவே உள்ளத்தில் நிலைக்கின்றது. போர் முடிந்து மீளும் செப் ரோலிங்ஸ் காண்பது தாயின் கல்லறையை. ஆரவாரமின்றி ஒரு குடும்பத்தின் இழப்பு உணர்த்தப்படுகின்றது.

ஜோர்ஜ் மார்ஷல் ஆக்கிய புகையிரதப் பகுதியில் நம் வினாவைப் படமே எழுப்புகின்றது. அரப்பாகோ என்னும் தொல்குடியினர்க்கு அளித்த வாக்கைப் புகையிரதப் பாதை அமைப்போர் மீறுகின்றனர். அக்குடியினர் காட்டெருமைக் கூட்டத்தைப் பாளையத்தின்மேல் ஏவுகின்றனர். இரு திறத்தார்க்குமிடையே அமைதி நாடிய செப், மனம் வெதும்பிப் படைப்பணியைத் துறக்கின்றான். ஆனால் அடுத்த பகுதியிற் கதை கொள்ளையரைத் துரத்தச் செல்ல, வினா மறைந்தொழிகின்றது. ஈற்றில் நவீன நெடுஞ்சாலைகளைக் காட்டி, எல்லாம் ஈடாயிற்று என்பதுபோல் படம் முடிகின்றது.

குடியேறியோர் இழப்புக்குக் கல்லறை நாட்டிய இப்படம், நிலமிழந்தோர்க்கு ஒரு கல்லும் நாட்டவில்லை. அதன் பெருங்குறை இதுவே.